வில்லனின் முழங்காலைத் தின்ற தொப்பை

தொப்பைக்கு வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

நாய்க் காப்பகத்திலிருந்து வந்த அன்றைக்கு அந்த நாய்க்குட்டி பந்து மாதிரிதான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் சின்னவள் தொப்பை என்று பெயர் வைத்தாள். வந்த நாள் முதல் கிண்ணத்தில் வாய் வைப்பதில்லை என்று அது முடிவு செய்துவிட்டதால், இப்போது பெயரில் மட்டுமே தொப்பை மிச்சம் இருந்தது.

"ஒரு வாய்டா. ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார் சத்தக்காரர்.

சமையலறைத் தரையில் குப்புறப் படுத்திருந்தார். கிண்ணத்துக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் குட்டி. பெற்ற பிள்ளைகள் இருவரை வளர்த்தபோதுகூட அவர் இவ்வளவு தூரம் இறங்கி வந்ததில்லை.

தொப்பை கிண்ணத்தை முகர்ந்தது. அவர் முகத்தைப் பார்த்தது. அடுப்பருகே நின்ற அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் சின்னவளின் முகத்தைப் பார்த்தது. பரீட்சை ஹாலில் பக்கத்து பெஞ்சை எட்டிப் பார்க்க நினைப்பவன் கண்காணிப்பாளரைப் பார்க்கும் பார்வை அது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, சோபாவுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

"என்ன ராங்கி பாருங்க" என்றார் மனைவி. "முட்டை வேணாம். கோழி வேணாம். பால்ல ஊறின ரொட்டி வேணாம். பூசணியை மசிச்சு வெச்சேன், அதுல மூக்கைத் துடைச்சிட்டுப் போயிடுச்சு."

"உஷ். மெதுவாப் பேசு."

"மெதுவாத்தானே பேசறேன்?"

உண்மைதான். அந்த வீட்டில் எல்லோரும் மெதுவாகத்தான் பேசுவார்கள்.

இந்தக் குடும்பத்தை இந்த வாரம்தான் முதன்முதலாகச் சந்திப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சத்தக்காரர் சினிமாவுக்குச் சத்தம் செய்பவர். திரையில் யாராவது நடந்தால், உண்மையில் நடப்பது அவர்தான். கதவு கிறீச்சிட்டால் அது அவருடைய பழைய நாற்காலி. எலும்பு முறிந்தால் அது கேரட். மழை வேண்டுமென்றால் பிளாஸ்டிக் தாளும் ஒரு கிலோ மணலும் போதும்.

ஒருமுறை அவர் செய்த இடியைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர் கொடியில் காய்ந்த துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். அடுத்த வாரம் நிஜமாகவே இடி இடித்தபோது, "இந்த மனுஷனுக்கு வேற வேலையில்ல" என்று பேசாமல் இருந்துவிட்டார். நனைந்தது அவருடைய கோட்டு. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

வீட்டின் பின்னறைதான் ஒலிப்பதிவுக் கூடம். அதனால் வீடு முழுவதும் சத்தத்துக்குத் தடை. கடிகாரத்தில் வினாடி முள்ளைப் பிடுங்கியாகிவிட்டது. கதவுகளுக்கெல்லாம் எண்ணெய். பிரிட்ஜ் உறுமுகிறதென்று பின்பக்க வராந்தாவுக்கு நாடு கடத்தப்பட்டது. அழைப்பு மணியின் ஒயரை மகன் சின்னப் பையனாக இருந்தபோதே துண்டித்து, அதற்குப் பதில் ஒரு நீல விளக்கு வைத்தார். வாசலில் யாராவது பொத்தானை அமுக்கினால் விளக்கு மினுக்கும். யாரும் அந்தப் பக்கம் பார்க்காவிட்டால், வந்தவர் மினுக்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சமையலறை வாசலுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் ஒலிப்பதிவு நடக்கிறது என்று அர்த்தம். யார் எப்படி இருந்தார்களோ அப்படியே நிற்க வேண்டும். பேய் மாடிப்படி ஏறும் காட்சி ஒன்றுக்கு அவருடைய மனைவி ஒரு காலில் செருப்பும் ஒரு கால் அந்தரத்திலுமாகவே நின்றிருக்கிறார். அந்தப் பேய் வேறு நிதானமாக ஏறுகிற பேய்.

மனைவி நீச்சல் டீச்சர். குளத்தங்கரையில் நின்று "காலை அடி!" என்று ஒரு குரல் கொடுத்தால், வெளியே தெருவில் நடந்து போகிறவர்களும் காலை அடித்துவிட்டுத்தான் நகர்வார்கள். அந்தக் குரலைத் தினமும் வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். சின்னவளுக்கு ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. பகலெல்லாம் ஊரார் போனில் கத்துவதைக் கேட்டுச் சம்பளம் வாங்குபவள். அவளுக்கு மட்டும் வீட்டின் அமைதி பிடித்திருந்தது.

மூத்தவனுக்குப் பிடிக்கவில்லை. வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டான். கட்டிக்கொண்ட பெண் பேண்டு குழுவில் டிரம்பெட் வாசிப்பவள். போன வாரம் அவன் போன் செய்து, அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றும், கொஞ்ச காலம் மாடியறையில் வந்து இருக்கலாமா என்றும் கேட்டதும், அதற்குச் சத்தக்காரர் "யோசிச்சுச் சொல்றேன்" என்றதும் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். டீச்சர் அதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"இந்த வீட்ல எதுவும் தங்காது."

அந்த வாக்கியம் சத்தக்காரரின் காதில் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்தது. எந்தக் கதவைச் சாத்தியும் அடக்க முடியாத ரீங்காரம்.

இதில் இப்போது தொப்பை வேறு. குட்டி வேண்டவே வேண்டாம் என்று முதலில் குதித்தவர் அவர்தான். "இந்த வீட்ல குரைக்கிறதுக்கு நான் ஒருத்தன் போதாதா?" என்று கேட்டவர். ஆனால் வந்த மறுநாளே அது ஒலிப்பதிவு அறைக்குள் தானாக நுழைந்து, அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தால் காதைக்கூட அசைக்காது. "இத்தனை வருஷமா எத்தனை உதவியாளர் வெச்சுப் பார்த்தேன், ஒருத்தனாவது இப்படி இருந்திருக்கானா? நம்ம குடும்பத்து ரத்தம்" என்று டைரக்டரிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டார். அன்றிலிருந்து அந்தப் பாதத்தை அவர் யோசிக்காமல் நகர்த்துவதில்லை.

அந்தத் தலைக்குத்தான் இன்று ஆபத்து. தொப்பையைக் காப்பகம் முழுசாகக் கொடுத்துவிடவில்லை. பரீட்சார்த்தமாகத்தான் அனுப்பியிருந்தது. காப்பகத்து அம்மாள் நேற்று போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சாப்பிடாத வீட்ல குட்டியை விட்டு வைக்க மாட்டேன். சாயங்காலம் வர்றேன். என் கண்ணு முன்னால சாப்பிட்டா உங்களுக்கு. இல்லைன்னா எனக்கு."

"துவைக்கிற மெஷின் சுத்தறப்ப மட்டும் நாலு வாய் திங்குதுப்பா" என்றாள் சின்னவள். "அம்மா கண்டுபிடிச்சது."

"சோப்பு வாசனை அதுக்குப் பிடிக்குது போல. அதனால தினமும் மூணு வேளையும் துவைக்கிறேன். துவைக்க அழுக்குத் துணிதான் இல்ல" என்றார் டீச்சர்.

"என் நீலச் சட்டை வெள்ளையானது அப்படித்தானா?"

"உஷ்" என்றார் சத்தக்காரர்.

"உஷ்" என்றார் டீச்சர், அவரைப் பார்த்து.

காலை வகுப்புக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, டீச்சர் தொப்பையைத் துண்டில் சுற்றிக்கொண்டார். இருவரும் நாய் டாக்டரிடம் கிளம்பினார்கள்.

டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தார். பல்லை எண்ணினார். வயிற்றை அமுக்கினார்.

"எல்லாம் நல்லா இருக்கு. நல்ல பசியும் இருக்கு. வயித்துக்குள்ள கடமுடன்னு சத்தம் கேக்குது."

"கேட்டேன் டாக்டர்" என்றார் சத்தக்காரர். "சுத்தமான சத்தம். கிணத்துக்குள்ள பீப்பாய் உருள்ற காட்சிக்கு அப்படியே எடுத்துக்கலாம்."

டாக்டரம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நோயாளி யார் என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"பசி இருக்கு. சாப்பிடத்தான் தைரியம் இல்ல. எதுக்கோ பயப்படுது. அது என்னன்னு நீங்கதான் பாக்கணும். நாளைக் காலையிலயும் சாப்பிடலைன்னா இங்க சேர்த்து மருந்து ஏத்த வேண்டியிருக்கும்."

டானிக் பாட்டிலுக்காக வெளிக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். அங்கே காது கிழிந்தது. ஒரு கூண்டுக் கிளி "யாரது? யாரது?" என்று எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தது. கூடைக்குள் ஒரு பூனை தன் சொந்த சோகத்தைப் பாடிக்கொண்டிருந்தது. ஒரு டாக்சி டிரைவர், கன்றுக்குட்டி அளவில் ஒரு நாயைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, அதன் வாயில் காகிதப் பையிலிருந்து பிஸ்கட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பயமாம்ல" என்றார் டீச்சர் வழக்கமான கிசுகிசுப்பில். "நாம என்ன அதை அடிச்சோமா, திட்டினோமா?"

"என்ன?"

இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக டீச்சர் கணவரிடம் கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "அடிச்சோமான்னு கேட்டேன்!"

இந்தக் குழப்பத்தில் துண்டுக்குள்ளிருந்து தொப்பை நழுவி இறங்கியதை இருவருமே கவனிக்கவில்லை. அது பெஞ்சுக்கு அடியில் புகுந்து, மறுபக்கம் வெளிப்பட்டு, டாக்சி டிரைவரின் காகிதப் பைக்குள் தலையை விட்டது.

கருக். முருக்.

சத்தக்காரரின் கண்ணை முந்திக்கொண்டு காது அதைப் பிடித்துவிட்டது. கிளி, பூனை, நாய், டாக்சி டிரைவர் என எல்லாவற்றையும் சலித்துத் தள்ளிவிட்டு அந்தக் கருக்முருக்கை மட்டும் தனியே எடுத்துக் கொடுத்தது. அப்புறம் நடந்ததை அவர் செய்யவில்லை, பழக்கம் செய்தது.

"உஷ்!"

தொழில்முறை உஷ் அது. பல வருஷங்கள், பல நூறு படங்கள் அதற்குப் பின்னால் இருந்தன. கிளி "யார" என்பதோடு நின்றுவிட்டது. பூனை பாட்டை விழுங்கியது. கன்றுக்குட்டி நாய் பொத்தென்று உட்கார்ந்தது. டாக்சி டிரைவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே என்ன ஆயிற்றென்று உள்ளிருந்து டாக்டரம்மாவே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, அவரும் பேசாமல் தலையை இழுத்துக்கொண்டார்.

தொப்பை வாயிலிருந்த பாதி பிஸ்கட்டைக் கீழே வைத்தது. துப்பவில்லை, வைத்தது. காதை மடக்கி, வயிறு தரையில் பட அப்படியே தட்டையாகி, சத்தக்காரரின் முகத்தைப் பார்த்தது.

டீச்சர் பிஸ்கட்டைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"ஏங்க. இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"இப்ப சொன்னதை. நாள் பூரா சொல்றதை."

டிரைவரிடம் இன்னொரு பிஸ்கட் வாங்கித் தொப்பையின் முன்னால் நீட்டினார். அது தயங்கியது. கிளி மறுபடி "யாரது?" என்று ஆரம்பித்ததும் தைரியம் வந்து கடித்தது. கருக்.

"சொல்லுங்க."

"உஷ்" என்றார் சத்தக்காரர், இந்த முறை பாதிக் குரலில்.

பிஸ்கட் மறுபடி தரைக்கு வந்தது. கிளியும் மறுபடி நின்றது.

சத்தக்காரருக்குத் தொப்பை வந்த முதல் நாள் சாயங்காலம் ஞாபகம் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அறைக்குள் அவர் ஒரு திருடனாக ஓட்டின் மேல் நடந்துகொண்டிருந்தார். அப்போது சமையலறையிலிருந்து கருக்முருக். கதவைத் திறந்து "உஷ்" என்றார். சமையலறையில் உறைந்து நின்ற டீச்சர் "உஷ்" என்றார். மாடிப்படியில் உறைந்து நின்ற சின்னவளும் "உஷ்" என்றாள். குட்டி கப்சிப். 'ஒரே நாள்ல கத்துக்கிச்சு பாரு' என்று மூன்று பேரும் மெச்சிக்கொண்டார்கள். அப்புறம் பால் நக்கினால் உஷ். கிண்ணம் நகர்ந்தால் உஷ்.

"மெஷின் சுத்தறப்ப மட்டும் தின்னதே, சோப்பு வாசனைக்கு இல்லீங்க" என்றார் டீச்சர் மெல்ல. "அப்பத்தான் அது திங்கற சத்தம் நமக்குக் கேக்காது."

"சாப்பிடறது தப்புன்னு நாமளே சொல்லிக் குடுத்திருக்கோம்."

"நாமளேன்னு எங்களையும் சேர்த்துக்காதீங்க. நாங்க உங்க மாணவர்கள்."

டாக்சி டிரைவருக்கு அடக்க முடியவில்லை. "தப்பா நினைக்காதீங்க சார். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"சத்தம் போடற வேலை."

"அப்படித் தெரியலையே சார்" என்றார் அவர், தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டே.

நோய் தெரிந்துவிட்டது. மருந்துதான் கஷ்டமாக இருந்தது. சத்தம் போட்டுச் சாப்பிட வேண்டும். சாப்பிடுவது குற்றமில்லை என்று குட்டி நம்ப வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் அது வரவில்லை.

புகார்ப் பிரிவிலிருந்து சீக்கிரமே வந்துவிட்ட சின்னவள் சிப்ஸைக் கன்னத்தில் ஊறவைத்துத்தான் மென்றாள். டீச்சர் "சாப்பிடுடா தொப்பை!" என்று கத்த வாயைத் திறந்தார். வெளியே வந்தது கிசுகிசு.

"தொண்டை வரைக்கும் வருதுடி. வாசலைத் தாண்டினதுமே செத்துடுது."

"குளத்துல இருக்கற மாதிரி நினைச்சுக்கோம்மா."

"நினைச்சேன். தண்ணிக்கு அடியில இருக்கற மாதிரி இருக்கு."

தொப்பை சோபாவுக்கு அடியிலிருந்து மூக்கை மட்டும் நீட்டி இந்த ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சரியாக அந்த நேரத்தில் நீல விளக்கு மினுக்கியது.

காப்பகத்து அம்மாள் கையில் ஒரு கூடையோடு நின்றார். மூடியுள்ள கூடை. உள்ளே ஒரு பழைய போர்வை மடித்துப் போட்டிருந்தது. சத்தக்காரருக்கு அந்தப் போர்வையைப் பார்த்ததும் பாதம் சில்லிட்டது.

"வர்றவங்க பொத்தானை அமுக்கி அமுக்கி விரல் தேஞ்சு போயிடும் போல. மணி கிடையாதா உங்க வீட்ல?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். தொப்பையைத் தூக்கி விலாவைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. கிண்ணத்தில் தீனியைக் கொட்டி முன்னால் வைத்தார்.

தொப்பை முகர்ந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. பின்வாங்கியது.

"இது பயம். அடிக்கிறீங்களா?"

"ஐயையோ!" என்றார்கள் மூவரும், கிசுகிசுப்பாக.

"அப்புறம் என்ன?"

சத்தக்காரர் விளக்கினார். சிவப்பு விளக்கு, திருடன், ஓடு, உஷ், கிளி என்று எதையும் விடவில்லை. காப்பகத்து அம்மாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நான் எத்தனையோ சாக்கு கேட்டிருக்கேன். தண்ணி ஒத்துக்கலைம்பாங்க. கண் பட்டுடுச்சும்பாங்க. உஷ்னு சொன்னதால நாய் பட்டினி கெடக்குதுன்னு சொன்ன மொத ஆள் நீங்கதான்."

தொப்பையைத் தூக்கிக் கூடைக்குள் வைத்தார். அது எதிர்க்கவில்லை. போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அது கொஞ்சம் எதிர்த்திருந்தால்கூடச் சத்தக்காரருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

டீச்சர் என்ன வாக்கியத்தைச் சொல்லாமல் இருக்கிறார் என்பது சத்தக்காரருக்குக் கேட்டது.

"ஒரு நிமிஷம்" என்றார்.

பின்பக்க வராந்தாவுக்குப் போனார். பிரிட்ஜைத் திறந்தார். கீழ்த்தட்டில் ஈரத்துணியில் சுற்றி கேரட்டுகள் வரிசையாக இருந்தன. சாப்பிடுவதற்கில்லை, தொழிலுக்கு. ஒல்லியானவை கதாநாயகனின் விரல்கள். நடுத்தரமானவை அடியாட்களின் விலா. தனியாக ஒரு டப்பாவில், குழந்தையின் கை பருமனில், வில்லனின் முழங்கால். நாளைக்குக் காலையில் டைரக்டர் முன்னிலையில் உச்சக்கட்டத்தில் முறிய வேண்டியது. காய்கறிக்கடையில் மூட்டை மூட்டையாகத் தட்டி, காதில் வைத்துக் கேட்டு, கடைக்காரர் "போன் பேசி முடிச்சிட்டீங்களா?" என்று கேட்கும் வரை தேடி எடுத்தது.

அதை எடுத்துக்கொண்டு வந்தார். வருகிற வழியில் சமையலறை வாசலுக்கு மேலே இருந்த சிவப்பு விளக்கைத் திருகிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கூடைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, வில்லனின் முழங்காலைக் கடித்தார்.

பின்னறைக்கு வெளியே அந்த வீட்டில் அதுவரை எழுந்ததிலேயே பெரிய சத்தம் அதுதான். கார்ப்பெட்டும் பஞ்சும் ஒட்டிய அந்தச் சுவர்கள், இதை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பக் கொடுத்துவிட்டன. சத்தக்காரருக்கே மயிர்க்கூச்செறிந்தது. வாயை மூடாமல், நன்றாக விரியத் திறந்து, நாற்சந்தியில் கல் உடைப்பதுபோல மென்றார்.

சின்னவள் வாயைப் பிளந்தாள். பிறகு ஒரு கைப்பிடி சிப்ஸை அள்ளி அந்த வாயிலேயே போட்டுக்கொண்டாள். நொறுக் நொறுக். டீச்சர் ரஸ்க் பாக்கெட்டைக் கிழித்தார். கிழித்த சத்தமே பட்டாசு மாதிரி இருந்தது. ஒன்றைத் தான் கடித்துக்கொண்டு, ஒன்றைக் காப்பகத்து அம்மாளிடம் நீட்டினார். எல்லோரும் ஒரு வேலையைச் செய்யும்போது தான் மட்டும் சும்மா நிற்பது மரியாதையாகத் தோன்றவில்லை போலும். அவரும் வாங்கிக் கடித்தார்.

கூடையின் விளிம்பில் ஒரு மூக்கு தெரிந்தது.

சத்தக்காரர் கேரட்டின் மறுமுனையை நீட்டினார். தொப்பை கூடையிலிருந்து இறங்கி வந்தது. அந்த முனையைப் பல்லில் பிடித்தது.

கருக்.

நின்றுவிட்டது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. சத்தக்காரரைப் பார்த்தது. அவருக்கு அந்தப் பழைய உஷ் நாக்கு நுனி வரை வந்தது, சத்தியமாக வந்தது. ஆனால் வாய் நிறைய முழங்கால். டீச்சர் வாய் நிறைய ரஸ்க். சின்னவள் வாய் நிறைய சிப்ஸ். நினைத்திருந்தாலும் அந்த அறையில் யாராலும் உஷ் என்று சொல்லியிருக்க முடியாது.

தொப்பை இன்னொரு கடி கடித்தது. இன்னொன்று. மிச்சமிருந்த முழங்காலை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்த் தின்று, கடைசித் துண்டை மட்டும் சோபாவுக்கு அடியில் ஒளித்துவிட்டு, கிண்ணத்துக்குள் முகத்தைக் கவிழ்த்தது. கிண்ணம் தரையில் கடகடவென்று சுவர் வரை நகர்ந்து, சுவரில் மோதி, திரும்பி வந்தது. பின்னாலேயே தொப்பையும் போய்த் திரும்பி வந்தது.

"அப்படித்தான்! விடாதே! அடி!"

டீச்சரின் குரல். குளத்தங்கரைக் குரல். ரஸ்க் தூளோடு சேர்ந்து, வாசல், கூடம், மாடிப்படி எல்லாவற்றையும் தாண்டிப் புறப்பட்டுவிட்டது. பக்கத்து வீட்டில் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது. கொடியிலிருந்து துணிகளை அள்ளுகிறார் என்று சத்தக்காரரின் காது சொன்னது.

காப்பகத்து அம்மாள் இரண்டாவது கிண்ணத்தையும் தன் கையாலேயே நிரப்பினார். அதுவும் காலியானதும், தொப்பையின் வயிற்றில் ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். பழம் வாங்குகிறவர் தட்டுவதுபோல.

"கூடை காலியாவே போகட்டும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "அந்த ரஸ்க் எந்தக் கடை?" என்று கேட்டார்.

அவர் போன பிறகு வெகுநேரம் யாரும் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. தொப்பை மறுபடி தொப்பையோடு சத்தக்காரரின் பாதத்தில் தலை வைத்துப் படுத்து, ஏப்பம் விட்டது. சத்தமாக. அவர் அதைக் காதாரக் கேட்டார். நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. நாளைக்கு வில்லன் கால் முறியாமல் தப்பித்தால் தப்பித்துவிட்டுப் போகிறான்.

"அண்ணனும் இப்படித்தான்ப்பா" என்றாள் சின்னவள், சிப்ஸ் பாக்கெட்டின் அடியை நக்கிக்கொண்டே. "குளியலறைக்குள்ள போய் குழாயைத் திறந்து விட்டுட்டு மொறுக்கு மொறுக்குன்னு பிஸ்கட் தின்னுவான். எவ்வளவு நேரம்டா குளிப்பேன்னு நீங்க திட்டுவீங்க."

"அதுக்கா அவ்வளவு தண்ணி?"

"நான் வெளியில காவல் நிப்பேன். எனக்குப் பாதி பாக்கெட்."

சத்தக்காரர் பாதத்தை மெல்ல உருவிக்கொண்டார். மேசை இழுப்பறையில் திருப்புளியைத் தேடி எடுத்தார். வாசல் கதவுக்கு மேலே இருந்த பழைய மணிக்கு அடியில் நாற்காலி போட்டு ஏறினார். சட்டைப் பையில் இருந்த சிவப்பு விளக்கு இடிக்கவே, அதை டீச்சரிடம் கொடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"மணி இல்லாத வீடான்னு அந்தம்மா கேட்டாங்கல்ல."

துண்டித்த ஒயரின் இரண்டு முனைகளும் களிம்பேறிப் போயிருந்தன. சுரண்டினார், முறுக்கினார், திருகை இறுக்கினார். நீச்சல் டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கணவரிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்ல இதுதான் சமயம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"உங்க யோசனை முடியறதுக்குள்ள அந்தக் கட்டடமே இடிஞ்சிடும்னு, நானே பசங்களை வரச் சொல்லிட்டேன்."

"எப்ப?"

"டிரிங்ங்ங்!"

சத்தக்காரர் நாற்காலியிலிருந்து விழாமல் இருந்தது டீச்சரின் பிடியால்தான். வீட்டார் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். மணி வெளியிலிருந்து அடித்தது. விடாமல், பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் அடித்தது. அப்படி அடிக்கிற ஆள் அந்தக் குடும்பத்தில் ஒருவன்தான் இருந்தான். ஒயரைத் துண்டித்ததே அவனுக்காகத்தான்.

தொப்பை எழுந்து நின்று குரைத்தது. அந்த வீட்டில் அதன் முதல் குரைப்பு.

"உ..." என்று ஆரம்பித்தார் சத்தக்காரர். டீச்சர் ஒரு விரலைத் தன் உதட்டில் வைத்து அவரைப் பார்த்தார். அவர் விழுங்கிக்கொண்டார்.

கதவைத் திறந்தார். மகன் நின்றான். இளைத்திருந்தான். டிரம்பெட் பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. அவனுக்குப் பின்னால் தெருவில் ஒரு டாக்சி மட்டும், கதவு பாதி திறந்து நின்றது.

இந்தக் கணத்துக்கென்று சத்தக்காரர் பல நாளாக என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தார். வந்தது வேறு.

"எங்கடா என் மருமக? வாசிக்கச் சொல்லுடா, கேப்போம்!" என்று உரக்கக் கேட்டார். தெருவுக்கே கேட்டது.

மகனின் முகம் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. அவன் டாக்சியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பெட்டியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, விரலை உதட்டில் வைத்தான்.

"உஷ்... மெதுவாப்பா. டாக்சில தூங்கிட்டிருக்கா."

சோபாவுக்கு அடியிலிருந்து கவ்வி வந்த கடைசித் துண்டு கேரட் தொப்பையின் வாயிலிருந்து தரையில் விழுந்தது.